முட்டுவலி மாத்திரை

ராஜபாளையம்
3.2.2025

மதினிக்கு,

ஈஸ்வரி எழுதுவது. போனில் என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டீர்கள். அண்ணன் போனும் உங்கள் கையில்தான் இருக்கிறது போல, மணி அடிக்கிறது, யாரும் எடுப்பதில்லை. சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து உங்கள் வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். உள்ளே மிக்சி ஓடியது. கதவு திறக்கவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால்காரருக்கு என் மேல் கோபம் ஒன்றும் இல்லை.

வியாழக்கிழமை மெடிக்கலுக்கு வந்து நீங்கள் போட்ட சத்தத்தை பஜாரே கேட்டது. "என் புருஷனுக்கு மாத்திரையைக் கொடுத்துக் கொடுத்தே நெஞ்சைக் கெடுத்துட்டா இவ" என்று கல்லா முன்னால் நின்று சொன்னீர்கள். பதினோரு வருஷம் வேலை பார்த்த கடை. முதலாளி மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்ல இரும்மா, ஊர் வாய் அடங்கட்டும்" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? வீட்டில்தான் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் காசிராஜன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுவே எனக்குக் கேட்டது போல இருக்கிறது.

மாத்திரை கொடுத்தேன். இல்லை என்று சொல்லவில்லை. அண்ணன் பட்டாளத்திலிருந்து வந்து மில் கேட்டில் செக்யூரிட்டியாகப் பன்னிரண்டு மணி நேரம் நின்றார். முட்டுவலி தாங்காமல் ஷிப்ட் முடிந்து கடைக்கு வருவார். காலையில் ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று நான்கு வருஷம் கொடுத்தேன். ஆனால் பிரஷர் மாத்திரையை நிறுத்தியது யார்? கொரோனா சமயத்தில், "பிரஷர் நார்மல் ஆயிட்டு, இனி எதுக்கு" என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் போட்டுக் கொடுத்தது யார்? பட்டாளத்துக் கேன்டீன் ரம்மை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆம்லெட்டோடு முன்னால் வைத்தது யார்? நெஞ்சு கெடுவதற்கு ஒரு வழிதான் இருக்கிறதா மதினி?

ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் பேப்பரை ஒரு ஜெராக்ஸ் எடுத்து அனுப்புங்கள். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அதைவிட, அண்ணனை ஒரு தடவை பார்க்க வேண்டும். எங்கள் அம்மா வயிற்றில் பிறந்தவர்களில் மிச்சம் இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான்.

ஈஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.2.2025

ஈஸ்வரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கிழித்துப் போடத்தான் நினைத்தேன். பதில் எழுதாவிட்டால் நீ சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும்.

நீ பார்க்க வேண்டும் என்கிறாய். என்ன இருக்கிறது பார்க்க? உன் அண்ணன் கால் இரண்டும் முழங்கால் வரைக்கும் வீங்கி இருக்கிறது. பெருவிரலால் அமுக்கினால் குழி விழுகிறது, நான் அடுப்பில் பாலை இறக்கிவிட்டு வந்து பார்த்தாலும் அந்தக் குழி அப்படியே கிடக்கிறது. படுக்க முடியாது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. மூன்று தலையணை வைத்துப் பார்த்தோம், இப்போது நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூக்கம். "வெள்ளத்தாயி, தண்ணி கொண்டா" என்று சொல்ல நடுவில் ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறார். பரேடில் நூறு பேருக்குக் கேட்கக் குரல் கொடுத்த மனுஷன். கக்கூசுக்கு எட்டு எட்டு வைத்துப் போய்வந்தால் மலை ஏறி இறங்கியதுபோல வேர்த்துக் கொட்டுகிறது.

மதுரையில் நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், நல்ல இதயம் ஒரு துடிப்பில் உள்ளே இருக்கும் ரத்தத்தில் அறுபது பங்கைத் தள்ளும், இவருக்கு இருபத்தைந்துதான் தள்ளுகிறது என்றார். தள்ளாத ரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கிறதாம், காலில் இறங்குகிறதாம். அதைச் சொல்லிவிட்டு, "என்ன மாத்திரையெல்லாம் சாப்பிடுறாரு?" என்று கேட்டார். நான் அவர் யூனிபார்ம் பையிலிருந்து நீ கொடுத்த கவரை எடுத்து மேஜையில் கொட்டினேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இதை எவ்வளவு நாளா?" என்றார். நாலு வருஷம் என்றேன். இந்த மாத்திரை உடம்பில் உப்பையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும், கிட்னியை அடிக்கும், பலவீனமான நெஞ்சுக்குப் பாறாங்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி என்றார். மெடிக்கலில் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிறாயே, உனக்குத் தெரியாதா?

சீரகத் தண்ணீரைப் பற்றிப் பேசாதே. ரம்மை நான் ஊற்றவில்லை, அவர் ஊற்றிக்கொண்டார். கட்டின புருஷன் கையைத் தட்டிவிட எனக்குத் தைரியம் இருந்திருந்தால் வேறு எத்தனையோ தட்டிவிட்டிருப்பேன்.

நான் உன்னைத் தடுப்பதாக நினைக்காதே. உன் அண்ணனே சொல்லிவிட்டார். "அவ வர வேண்டாம். என் கண்ணு முன்னாடி நிக்கக் கூடாது." இது அவர் வாய் வார்த்தை. பேப்பர் எதுவும் அனுப்ப மாட்டேன்.

வெள்ளத்தாய்


ராஜபாளையம்
14.2.2025

மதினிக்கு,

அண்ணன் அப்படிச் சொன்னார் என்று நீங்கள் எழுதிய வரியைப் பத்துத் தடவை படித்தேன். கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, பிறகு சோறு வடிக்கப் போய்விட்டேன்.

தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். அதை ஒளிக்க மாட்டேன். பிரஷர் இருக்கிற ஆளுக்கு வலி மாத்திரையை மாதக்கணக்கில் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கடைக்கு வரும் பிறத்தியார் என்றால் டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டிருப்பேன். அண்ணனிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். "ஏட்டி, என்னை நிக்கவாவது விடு. உட்கார்ந்தா வேலையை விட்டு எடுத்துருவான்" என்று சிரித்தார். வயிறு புண்ணாகாமல் இருக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தேன். வயிறு தப்பித்தால் போதும் என்று நினைத்தேன், நெஞ்சை நினைக்கவில்லை. போன ஆவணியில் ஷூ போடாமல் செருப்போடு கடைக்கு வந்தார். "என்னண்ணே?" என்றேன். "ஷூ சுருங்கிட்டு" என்றார். ஷூ எங்காவது சுருங்குமா? நானும் சிரித்துவிட்டு மாத்திரையை எண்ணிக் கவரில் போட்டேன். அந்தக் கையை இப்போது பார்க்கப் பிடிக்கவில்லை.

பாதிக் குற்றம் என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பாதிதான். எங்கள் கடைக்கு மருந்து எழுதும் டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டேன். ஏற்கனவே பழுதான நெஞ்சை இந்த மாத்திரை இன்னும் கீழே தள்ளும், ஆனால் நல்லா இருக்கிற நெஞ்சு இதனால் மட்டும் இருபத்தைந்துக்கு வராது, வேறு காரணம் கட்டாயம் இருக்கும், ரிப்போர்ட்டில் எழுதியிருப்பார்கள் என்றார். அந்தப் பேப்பரை ஏன் மதினி மறைக்கிறீர்கள்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா?

ஈஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
2.3.2025

ஈஸ்வரிக்கு,

மறுபடியும் மதுரையில் ஆறு நாள் கிடந்துவிட்டு வந்திருக்கிறோம். அதனால் உடனே எழுத முடியவில்லை.

சாத்தூர் பக்கம் அவருடைய பட்டாளத்துச் சேக்காளி வீட்டுக் காதுகுத்துக்குப் போயே தீருவேன் என்று நின்றார். போனால் நடு நடுவே ஒன்றுக்குப் போக எழுந்து போக வேண்டும், நாலு பேர் பார்ப்பார்கள் என்று நீர் மாத்திரையை முந்தின நாளும் அன்றும் எனக்குத் தெரியாமல் துப்பிவிட்டார். அங்கே கறிக்குழம்பு, அப்பளம், ஊறுகாய். இரண்டு நாளில் மூன்று கிலோ ஏறியது. தின்று ஏறியது இல்லை, முழுக்கத் தண்ணீர். வாயில் நுரையாகச் சளி வந்தது. ஆம்புலன்சில் போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார், விரல் நீலம் பாரித்துச் சில்லென்று இருந்தது.

இப்போது காலையில் எழுந்ததும் மெஷினில் ஏற்றி எடை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான், காபி மோர் எல்லாம் அதற்குள்ளே அடக்கம். பாட்டிலில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். தாகம் தாங்காமல் என்னை அசிங்கமாகத் திட்டுகிறார். உப்பில்லாமல் பொங்கிப் போட்டால் தட்டைத் தள்ளிவிடுகிறார். நானும் அதையேதான் தின்கிறேன், அது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சாப்பாடே நாலு வாய்தான், வயிறு அதற்குள் அடைத்துக்கொள்கிறது. கை, தோள் எல்லாம் வற்றி, வயிறும் காலும் மட்டும் பெருத்து இருக்கிறது. கிட்னியும் சோர்ந்துவிட்டதாம்.

நீ உட்கார்ந்த இடத்தில் பேப்பர் பேப்பர் என்று எழுதுகிறாய். உனக்கு உன் பேர் சுத்தமாக வேண்டும், அவ்வளவுதானே? எனக்குப் பிள்ளையா குட்டியா? இந்த ஒரு மனுஷன்தான். உன் வீட்டுக்கு அந்த மனுஷன் செய்ததெல்லாம் போதாதா? உன் மகள் கல்யாணத்தன்றைக்கே பாதி செத்துவிட்டார், உனக்கு என்ன தெரியும்? இனி எழுதாதே.

வெள்ளத்தாய்


ராஜபாளையம்
7.3.2025

மதினிக்கு,

எழுதாதே என்றீர்கள். அப்படிச் சொல்வதற்கு முந்தின வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருக்க வேண்டும்.

கனகலட்சுமி கல்யாணத்தன்று என்ன நடந்தது? நான் இரண்டு மூன்று நாளாக அந்த வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். மண்டபத்து வாசலில் சீர்த் தட்டுகளோடு வருகிறீர்கள். அண்ணன் பட்டுவேட்டியில் முன்னால் வருகிறார். நெற்றியெல்லாம் வேர்வை, சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. தாய்மாமன் கைப்பிடித்துத்தான் பெண் மேடைக்கு வர வேண்டும் என்று அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஐந்து படி. மூன்றாவது படியில் நிற்கிறார். என் மகள் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கிறாள். பிறகு ஏறுகிறார். அப்புறம் வீடியோவில் அவர் எங்கேயும் இல்லை. பந்தியிலும் இல்லை.

அன்றைக்கு நான்தான் ஒரு கூல்டிரிங்க்ஸ் கொண்டுபோய்க் கொடுத்து, "வைகாசி வெயில்ண்ணே" என்றேன். நீங்கள் பக்கத்தில் நின்றீர்கள். ஒன்றும் சொல்லவில்லை.

பேர் சுத்தமாக வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஏன், வேண்டாமா? அண்ணன் என்னைக் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டே கண்ணை மூடினால் அதற்குப் பிறகு நான் பேரை வைத்து என்ன செய்ய? அன்றைக்குக் காலையில் உங்கள் வீட்டில் என்ன நடந்தது? சொல்லுங்கள் மதினி.

ஈஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
29.3.2025

ஈஸ்வரிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது நாலாவது.

அன்றைக்கு விடியும்போது குளித்துவிட்டு வந்தவர் கட்டிலில் உட்கார்ந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இடது தோளும் தாடையும் கடுக்கிறது என்றார். வேர்வை ஊற்றியது, ஒரு தடவை வாந்தி எடுத்தார். எனக்கு உள்ளுக்குள் என்னமோ தோன்றியது. "ஆஸ்பத்திரிக்குப் போவமா?" என்று கேட்டேன். கேட்டேன், அவ்வளவுதான். "வாயுட்டி. ஓமத்தண்ணி கொடு, சரியாயிரும். ஏழு மணிக்கு வேன் வந்துரும், நான் இல்லாம அந்தப் பிள்ளை எப்படி மேடை ஏறும்?" என்றார். ஓமத்தண்ணீர் கொடுத்தேன். பெட்டிக்கடையில் கோலி சோடா வாங்கிக் கொடுத்தேன். ஏப்பம் வந்தது. இரண்டு பேரும் அந்த ஏப்பத்தை நம்பிக்கொண்டோம்.

நான் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாம். ஏன் தடுக்கவில்லை என்றால், உன்னை நினைத்துத்தான். தாய்மாமன் வரவில்லை என்றால் உன் சொந்தக்காரர்கள் முன்னால் நீ என்ன சொல்லுவாய் என்று எனக்குத் தெரியும். "மதினிதான் வரவிடாமப் பண்ணிட்டா, மலடிக்குப் பொறாமை" என்று சொல்லுவாய். நீ சொல்லாவிட்டாலும் சொல்ல ஆள் இருந்தது. அந்தப் பேச்சுக்குப் பயந்துகொண்டு புருஷனைச் சீர்த் தட்டுக்கு முன்னால் நடக்கவிட்டேன்.

மதுரையில் டாக்டர் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டுக் கேட்டார். "இவருக்கு முன்னாடி ஒரு அட்டாக் வந்திருக்கே, எப்போ?" என்றார். நெஞ்சின் முன்பக்கச் சதை அன்றைக்கே செத்துவிட்டதாம். அது செத்த பிறகு மிச்சச் சதை அதன் வேலையையும் சேர்த்து இழுத்து இழுத்துத் தொய்ந்துவிட்டதாம். அதற்கு மேல் பிரஷர், அதற்கு மேல் ரம், அதற்கு மேல் உன் மாத்திரை. வலி வந்த உடனே கூட்டிவந்திருந்தால் அடைப்பை எடுத்து முக்கால்வாசியைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

உள்ளே வந்தேன். "டாக்டர் என்னட்டி சொன்னாரு?" என்று கேட்டார். அந்த மாத்திரைக் கவர் மேஜையிலேயே கிடந்தது. "ஈஸ்வரி கொடுத்த மாத்திரைதான் காரணமாம்" என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து தானாக வந்தது. வந்த பிறகு அதைப் பிடித்துக்கொண்டேன். உன் கடையில் வந்து அவ்வளவு சத்தம் போட்டதும் எனக்கு நானே கேட்பதற்குத்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

இனிமேல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து பிரயோஜனம் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நான் சொன்னது பொய் என்று என்னால் அவரிடம் சொல்ல முடியாது. அவர் என் கையால்தான் தண்ணீர் குடிக்கிறார். நீ வருவதாக நேற்றுச் சொன்னேன். "வரட்டும்" என்றார். வா. இந்தக் கடிதத்தைக் கையில் கொண்டு வா. காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம்.

வெள்ளத்தாய்


ராஜபாளையம்
6.4.2025

மதினிக்கு,

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது உங்கள் கடிதத்தை ஹேண்ட்பேக்கில் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். நடுவீட்டில் நின்று சத்தமாகப் படிக்க வேண்டும், தெருக்காரர்களையும் கூப்பிட்டு வைத்துப் படிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். உங்கள் பக்கத்து வீட்டு மைக்கேல் சார் வாசலில் நின்றார். அவரையும் உள்ளே வரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். அவ்வளவு வெறி எனக்கு.

அண்ணன் மேஜை மேல் தலையணை வைத்து அதில் கவிழ்ந்திருந்தார். நிமிர்ந்ததும் யாரோ என்று நினைத்தேன். கன்னம் ஒட்டி, கழுத்து நரம்பு புடைத்து, கண் மட்டும் எங்கள் அப்பா கண். "வாட்டி" என்றார். என் கையைப் பிடித்தார். ஐஸ் தண்ணீரில் வைத்து எடுத்த கை போல இருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "போகட்டும்... வேணும்னா... செஞ்ச? உன்னை... மன்னிச்சிட்டேன்."

நீங்கள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பேக்கை மடியில் வைத்திருந்தேன். ஜிப்பில் கை வைத்தேன், நீங்களும் பார்த்தீர்கள். அப்போது அவருக்கு மூச்சு சிக்கியது. என் கையை விட்டுவிட்டு உங்களைத் தேடினார். நீங்கள் வந்து முதுகைத் தடவிய பிறகுதான் மூச்சு இறங்கியது. அந்த மூச்சை நான் எப்படிப் பிடுங்குவேன்? "சரிண்ணே" என்று சொல்லி அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். என் பாதிக்கும், உங்கள் பாதிக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தேன்.

எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நான் பொறாமை பேசுவேன் என்று பயந்து அவரை நடக்கவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நியாயமாகக்கூட இருக்கலாம், நான் பேசியிருப்பேன். ஆனால் செய்ததைவிட, செய்ததை என் தலையில் இறக்கி வைத்தீர்களே, அதை என்னால் மன்னிக்க முடியாது. முயற்சி பண்ணிப் பார்த்தேன், வரவில்லை. உங்கள் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். மன்னிக்கிற மனசு அண்ணனுக்கு இருக்கிறது. சில நாளும் மிச்சம் இருக்கிறது. வேண்டுமென்றால் அவரிடம் கேளுங்கள்.

ஈஸ்வரி


ஸ்ரீவில்லிபுத்தூர்
30.4.2025

ஈஸ்வரிக்கு,

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். நீ போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லியிருந்தால் இதை வாயால் சொல்லியிருப்பேனோ என்னமோ.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. அன்று மத்தியானம் அவருக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நான் உனக்கு எழுதிய அந்தக் கடிதத்தை அவர் முன்னாலேயே உட்கார்ந்து படித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "எனக்குத் தெரியும்ட்டி" என்றார்.

எப்படி என்று கேட்டேன். "பேப்பர்ல... போட்டிருக்கு. ஆஸ்பத்திரிலயே... படிச்சிட்டேன்" என்றார். இங்கிலீஷில் இருந்ததால் அவருக்குப் புரியாது, ஒளித்தாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பட்டாளத்தில் இருபத்து மூன்று வருஷம் இங்கிலீஷ் படித்தவரிடம் ஒளித்து வைத்திருக்கிறேன். நான் சொன்னது பொய் என்று வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"பொறவு எதுக்கு ஈஸ்வரியை வர வேண்டாம்னீங்க? எதுக்கு அவளை மன்னிச்சேன்னு சொன்னீங்க?" என்று கேட்டேன். நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் சேர்த்து எழுதுகிறேன். "அவளுக்குக் காசிராஜன் இருக்கான், பிள்ளைக இருக்கு. பழியைச் சுமந்தாலும் சாஞ்சுக்க ஒரு தோள் இருக்கு. உனக்கு யாரு இருக்கா? நான் போன பொறவு ஊரு உன்னைச் சொல்லக் கூடாது. அவ தாங்கிக்கிடுவா."

அதற்குப் பிறகு மூன்று நாள் இருந்தார். அந்த மூன்று நாளில் உனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. நான் அவருக்கு அவ்வளவு வேண்டியவளாக இருந்தேன் என்பதை யாருக்கும் பங்கு வைக்க மனசு வரவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

எடுக்கிற அன்றைக்கு நீ அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுட்டுப் போனியே அண்ணே" என்று ஊர் கேட்க அழுதாய். கேட்டவர்கள் எல்லாம், அப்போ மாத்திரை கொடுத்தது உண்மைதான் போல என்று தலையை ஆட்டினார்கள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நீ அவரைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொண்டு இருந்துவிட்டுப் போ என்று பதினாறு நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அவர் உன்னை மன்னிக்க ஒன்றும் இல்லை ஈஸ்வரி. அவர்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்க வாய் வராமல், கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

வெள்ளத்தாய்